ஸ்ட்ராட், டெலி, பி-90: கொயர் மேடைக்கு எந்த சிங்கிள் காயில் கிட்டார்?

ஆலயக் கொயரில் (பாடகர் குழுவில்) வாசிக்க முதல் எலக்ட்ரிக் கிட்டார் எது வாங்கலாம் என்று யார் கேட்டாலும் டெலிகாஸ்டர் என்றுதான் சொல்லி வருகிறேன். அதற்கான காரணத்தை ஒவ்வொருவரிடமும் நின்று விளக்க நேரம் கிடைப்பதில்லை. இப்போது மூன்று விதமான சிங்கிள் காயில் கிட்டார்கள் தக்கலையில் என் வீட்டு மேசையில் ஒன்றாகக் கிடக்கின்றன. மூன்றையும் மாற்றி மாற்றி வாசித்துப் பார்த்ததை விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

ஒன்று என்னுடைய ஸ்குவையர் (ஃபெண்டரின் விலை குறைந்த பிராண்ட்) கிளாசிக் வைப் 50ஸ் ஸ்ட்ராட்டோகாஸ்டர். இரண்டாவது ஸ்குவையர் அஃபினிட்டி டெலிகாஸ்டர்; குளச்சலில் இருக்கும் என் சித்தப்பா மகனுடையது, செட்டப் செய்ய (கம்பி உயரம், பிக்கப், சுருதி எல்லாம் சரிபார்க்க) கொண்டுவந்து வைத்திருக்கிறான். மூன்றாவது எபிஃபோன் லெஸ் பால் ஸ்பெஷல், பி-90 வகைப் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) இரண்டு உள்ளது. துபாயிலிருந்து வந்த நண்பர், திரும்பிப் போகும்போது "நீயே வச்சு வாசி, சும்மா கிடந்தா கேடாகும்" என்று தந்துவிட்டுப் போனார். விலையில் அஃபினிட்டி குறைவு; மற்ற இரண்டும் அதைவிட நன்றாகவே கூடுதல். மூன்றுக்கும் ஒரே கம்பெனியின் 10-46 தடிமன் கம்பி போட்டேன். கேபிளும் ஒன்றே, ஆம்ப்பும் ஒன்றே, எஃபெக்ட் எதுவும் கிடையாது. வீட்டில் வாசித்ததோடு, ஞாயிறு ஆராதனைக்கும் ஒரு கடலோரத் திருவிழா மேடைக்கும் எடுத்துப் போனேன். மேடையில் கேட்டால்தான் கிட்டாரின் உண்மையான குணம் தெரியும்.

சிங்கிள் காயில் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காந்தத்தைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருப்பார்கள். ஸ்ட்ராட் பிக்கப்பில் எட்டாயிரத்தை ஒட்டிய சுற்றுகள், பி-90-ல் பத்தாயிரம் அளவில். மேலே இரும்புக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. சுருளில் மின்சாரம் பிறக்கிறது. அதுதான் நாம் கேட்கிற ஒலி. அதே சுருள் பக்கத்தில் இருக்கிற டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலத்தையும் பிடித்துக்கொள்ளும். அதுதான் இரைச்சல். 1955-ல் கிப்சன் கம்பெனியில் சேத் லவர் என்பவர் இரண்டு சுருள்களை எதிரெதிர் திசையில் இணைத்து அந்த இரைச்சலை அடித்துவிட்டார். அதுதான் ஹம்பக்கர். இரைச்சல் போனது, கூடவே மேல் ஸ்தாயியில் இருந்த மினுக்கமும் கொஞ்சம் போனது. அந்த மினுக்கம் வேண்டும் என்பதால்தான் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் சிங்கிள் காயிலை விடாமல் வைத்திருக்கிறோம்.

முதலில் ஸ்ட்ராட். 1954-ல் வந்த வடிவம், இன்றைக்கும் பெரிதாக மாறவில்லை. மூன்று பிக்கப், ஐந்து நிலை ஸ்விட்ச். கழுத்துப் பக்கப் பிக்கப்பை மட்டும் வைத்து, மெதுவாக, விரலால் வாசித்தால் இதற்கு ஈடு இந்த மூன்றில் இல்லை. கீர்த்தனைகளில் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகிற இடங்கள் நிறைய வரும். அந்த வழுக்கலை ஸ்ட்ராட் முழுதாகக் காட்டும். விரல் ஃப்ரெட்டைக் கடக்கும்போது வருகிற சின்ன உரசல்கூடக் கேட்கும். இரண்டாம் நிலையும் நான்காம் நிலையும், அதாவது பக்கத்துப் பக்கத்துப் பிக்கப் இரண்டு சேர்ந்து ஒலிக்கிற நிலைகள், பழைய சினிமாப் பாட்டுகளில் கேட்டுப் பழகிய அந்தத் துள்ளலான ஒலியைத் தரும். நடுப் பிக்கப் எதிர்த்திசையில் சுற்றப்பட்ட கிட்டாராக இருந்தால் இந்த இரண்டு நிலையிலும் இரைச்சலும் அடங்கிவிடும். வாங்கும்போது ஆம்ப்பில் சொருகி ஸ்விட்சைத் தள்ளிப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும்.

பிரிட்ஜ் (கம்பிகள் உடலில் வந்து தங்குகிற உலோகப் பாகம்) பக்கப் பிக்கப்தான் ஸ்ட்ராட்டில் எனக்குக் கஷ்டம். தனியாக வைத்தால் காதில் குத்தும். பழைய ஸ்ட்ராட் வயரிங் முறையில் அந்தப் பிக்கப்புக்கு டோன் குமிழே கிடையாது. அப்படி இருந்தால் ஸ்விட்சில் ஒரு சின்ன ஜம்பர் வயர் பற்றவைத்தால் டோன் குமிழுக்குள் வந்துவிடும். சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவனுக்கு ஐந்து நிமிஷ வேலை.

பிக்கப் உயரத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என்னிடம் செட்டப்புக்கு வருகிற ஸ்ட்ராட்களில் பாதிக்கு மேல் இதுதான் பிரச்சினை. சத்தம் கூடட்டும் என்று பிக்கப்பைக் கம்பிக்கு ரொம்பப் பக்கத்தில் ஏற்றி வைத்திருப்பார்கள். காந்தம் கம்பியைப் பிடித்து இழுக்கும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேலே ஆறாம் கம்பியை மீட்டினால் ஒரே சுரம் இரண்டு சுரம் போல நடுங்கும். எவ்வளவு ட்யூன் செய்தாலும் சுருதி சேராது. கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கம்பியின் அடியிலிருந்து காந்தத்தின் தலை வரை அளந்து பாருங்கள். பழைய பாணிப் பிக்கப்புக்கு ஃபெண்டர் சொல்கிற அளவு ஆறாம் கம்பிப் பக்கம் 2.4 மில்லிமீட்டர், முதல் கம்பிப் பக்கம் 2 மில்லிமீட்டர். அங்கிருந்து தொடங்கிக் காதுக்குப் பிடித்த மாதிரி கொஞ்சம் ஏற்றி இறக்கலாம். பி-90-ல் இந்தத் தொல்லை இவ்வளவு கிடையாது, அதன் காந்தங்கள் கம்பிக்கு நேர் கீழே நிற்காமல் சுருளுக்கு அடியில் படுத்திருக்கின்றன.

இனி டெலிகாஸ்டர். இதில் பிக்கப் இரண்டுதான், ஸ்விட்ச் மூன்று நிலை, ஒரு வால்யூம், ஒரு டோன். 1950-ல் ஃபெண்டர் வெளியிட்டு, பெயர் மாறி, 1951-ல் டெலிகாஸ்டர் ஆனது. லியோ ஃபெண்டர் ரேடியோ ரிப்பேர் செய்தவர், அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆனால் எந்தப் பாகம் கெட்டாலும் கழற்றி மாற்றலாம் என்கிற மாதிரி செய்தார். கழுத்து நான்கு ஸ்க்ரூவில் நிற்கிறது. குமிழ், ஸ்விட்ச் எல்லாம் ஒரே தகட்டில் இருக்கிறது. இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினால் முழு வயரிங்கும் கையில் வந்துவிடும். ரிப்பேர் பார்க்கிறவனுக்கு இதைவிடச் சுகமான கிட்டார் இல்லை.

ஒலிக்கு வருகிறேன். அஃபினிட்டியில் இருப்பது செராமிக் காந்தப் பிக்கப். அல்நிக்கோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த காந்தம்) என்றால்தான் உசத்தி என்று ஒரு பேச்சு உண்டு. தனியாக வீட்டில் உட்கார்ந்து கேட்டால், என் கிளாசிக் வைப்பின் அல்நிக்கோ பிக்கப் மென்மையாக, ஆழமாக இருக்கிறது என்பது நிஜம். ஆனால் ஆலயத்தில் கீபோர்டு, தபேலா, ரிதம் பேட், நாற்பது பேர் பாடுகிற கொயர் எல்லாம் சேர்ந்து எழும்பும்போது, கேட்பது டெலிதான். நடு நிலையில் வைத்து, டோன் குமிழை ஏழில் நிறுத்தி, கார்டுகளை மேல் நான்கு கம்பியில் மட்டும் வாசிக்கச் சொன்னேன் தம்பியிடம். கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து கேட்டேன். ஒவ்வொரு வெட்டும் தனித்தனியாக வந்தது. வால்யூம் அதிகம்கூட இல்லை. பாடகர்களின் குரலை அது மூடவும் இல்லை. கீபோர்டு வாசிக்கிறவர் எப்போதும் ஸ்ட்ரிங்ஸ் பேட் (வயலின் கூட்டம் போல நீண்டு நிற்கிற ஒலி) ஒன்றைப் பிடித்துக்கொண்டிருப்பார். நடு ஸ்தாயி முழுக்க அதுவே நிரப்பிவிடும். அதற்கு மேலே இருக்கிற இடுக்கில் டெலி போய் உட்கார்ந்துகொள்கிறது.

டெலியின் பிரிட்ஜ் பிக்கப் ஸ்ட்ராட்டினுடையதைப் போலக் குத்துவதில்லை. கூர்மை உண்டு, ஆனால் சதையும் சேர்ந்து வரும். அந்தப் பிக்கப் ஒரு உலோகத் தகட்டுக்குள் நிற்பதும், ஸ்ட்ராட்டினுடையதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருப்பதும் இதற்குக் காரணம். கழுத்துப் பக்கப் பிக்கப்புக்கு உலோக மூடி இருப்பதால் கொஞ்சம் மங்கல். தனி மெலடி வாசிக்க நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். இன்னொரு லாபம், ஸ்ட்ராட்டைப் போல ஸ்பிரிங்கில் ஆடுகிற பிரிட்ஜ் இல்லாததால் ஒரு கம்பி அறுந்தாலும் மற்ற ஐந்தும் சுருதியில் நிற்கும். ஸ்ட்ராட்டில் ஒன்று அறுந்தால் ஸ்பிரிங் இழுத்து மொத்தச் சுருதியும் ஏறிவிடும், பாட்டு அங்கேயே நின்றுவிடும். ஆராதனை நடுவில் இது சின்ன விஷயம் இல்லை.

பி-90 இந்த மூன்றில் மூத்த வகை. 1946-ல் கிப்சன் கொண்டுவந்தது. அகலமான, தட்டையான சுருள். ஒலி தடிமனாக, நடு ஸ்தாயியில் ஊன்றி நிற்கும். வால்யூமைக் குறைத்து வைத்தால் சுத்தம், முழுக்கத் திறந்தால் தானாகவே கரகரப்பு ஏறும். அந்த ஏற்ற இறக்கத்தைச் சுண்டுவிரலால் குமிழைத் திருப்பியே கொண்டுவரலாம், பெடல் மிதிக்க வேண்டாம். தனியாக வாசிக்க எனக்கு மூன்றிலும் பிடித்தது இதுதான் என்று சொல்லத் தயங்கவில்லை. ராத்திரி சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கையில் எடுத்தால் கீழே வைக்க மனசு வராது. கழுத்தும் சின்ன அளவு: ஃபெண்டரில் கம்பியின் நீளம் 25.5 அங்குலம், இதில் 24.75. அதே 10 கம்பி இதில் தளர்வாக இருக்கும், வளைத்து வாசிக்கச் சுலபம். ஆனால் கொயரில் கீபோர்டு நிற்கிற அதே நடு ஸ்தாயியில்தான் இதுவும் நிற்கிறது. இரண்டும் முட்டிக்கொள்கின்றன. கீபோர்டு இல்லாமல் ஒரு டிரம்ஸ், ஒரு பேஸ், ஒரு கிட்டார் என்று வாசிக்கிற பையன்கள் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இதை வாங்கலாம்.

இரைச்சலைப் பற்றி இப்போது. போன வாரம்கூட ஒரு பையன் வந்தான். "அண்ணே, புதுக் கிட்டாரு, உர்ர்னு சத்தம் வருது, கேடா?" என்றான். சொருகிக் கேட்டேன். "இதுல ஒரு கோளாறும் இல்ல மக்ளே, சிங்கிள் காயில் அப்படித்தான்" என்றால் நம்ப மாட்டேன் என்கிறான். ஆகவே அவனுக்குக் காட்டியதையே இங்கேயும் சொல்கிறேன்.

வருவது இரண்டு வகை இரைச்சல். கம்பியைக் கையால் தொட்டதும் குறைகிற 'ஸ்ஸ்' கலந்த கரகரப்பு ஒன்று. இது கிட்டாருக்குள் மூடாக்கு போதாததால் வருவது. பிக்கப் குழிக்குள் செப்புத் தாள் ஒட்டி எர்த்தோடு இணைத்தால் பெரும்பாலும் போய்விடும். மற்றொன்று கனமான 'ம்ம்ம்'. கம்பியைத் தொட்டாலும் மாறாது. ஆனால் நீங்கள் நின்ற இடத்திலேயே மெதுவாகத் திரும்பினால் ஒரு திசையில் கூடும், அங்கிருந்து கால்வட்டம் திரும்பினால் அடங்கும். இது கரண்டின் காந்தப்புலம். செப்புத் தாள் எத்தனை அடுக்கு ஒட்டினாலும் இதற்குப் பிரயோஜனம் இல்லை. ஆம்ப்பின் டிரான்ஸ்பார்மரை விட்டுத் தள்ளி நிற்பது, சரியான திசையில் திரும்பி உட்காருவது, இந்த இரண்டும்தான் மருந்து.

நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதன் இரட்டிப்பு 100 ஹெர்ட்ஸும் இரைச்சலில் பலமாக இருக்கும். ஆறாம் கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டில் வருகிற ஜி சுரம் 98 ஹெர்ட்ஸ். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். ஜி மேஜரில் பாட்டு போகும்போது இரைச்சல் அந்தச் சுரத்துக்குள் ஒளிந்துகொள்ளும். நீளமாக ஜி-யைப் பிடித்து நின்றால் செகண்டுக்கு இரண்டு முறை 'வம், வம்' என்று ஒரு துடிப்பு கேட்கும். சுருதியை எஃப் ஷார்ப்புக்கு மாற்றிப் பாடச் சொன்னால் அதே இரைச்சல் துருத்திக்கொண்டு தெரியும். வீட்டில் ராத்திரி கரண்ட் போகட்டும், கேட்டுப் பாருங்கள். சதுர அலை இன்வெர்ட்டர் ஓடும்போது இரைச்சலில் மேல் ஸ்தாயிகளும் ஏறி வண்டு போலக் குடையும். பி-90-ல்தான் அது அதிகம், பெரிய சுருள் என்பதால். டெலியிலும் ஸ்ட்ராட்டிலும் அதைவிடக் குறைவு.

திருவிழா மேடை இன்னொரு உலகம். நவம்பர் கடைசியில் கோட்டாறு சவேரியார் திருவிழாவில் தொடங்கி, கிறிஸ்துமஸ், புத்தாண்டு வரை நம் மாவட்டத்தில் மேடைக்குக் குறைவில்லை. ஜெனரேட்டர், சீரியல் லைட், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற டிம்மர் எல்லாம் மேடையை ஒட்டியே இருக்கும். டிம்மர் பாதியில் நிற்கும்போதுதான் இரைச்சல் மோசம். முழுக்க எரியவிடச் சொன்னால் அடங்கும். லைட்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் செய்து தருவார். நான் வாசித்த மேடையில் ஸ்ட்ராட்டை நான்காம் நிலையிலேயே வைத்து ஒப்பேற்ற முடிந்தது. டெலியை நடு நிலையில் வைத்தேன், நன்றாகவே இருந்தது. பி-90-ஐப் பாட்டுக்குப் பாட்டு நடுவில் வால்யூமை மூடி வைக்க வேண்டியதாயிற்று.

இரைச்சலைக் குறைக்க ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கிட்டார் கம்பி ஆம்ப்பின் எர்த்தோடு இணைந்தது. எர்த் இல்லாத ஆம்ப்பில் கசிவு இருந்து, நீங்கள் கம்பியைப் பிடித்தபடி மைக்கில் உதட்டை வைத்தால் மின்சாரம் உங்கள் உடம்பு வழியாகப் பாயும். உயிர் போகிற விஷயம். பாடுவதற்கு முன் ஒரு டெஸ்டரை மைக்கின் வலை மீதும் கிட்டார் பிரிட்ஜ் மீதும் வைத்துப் பாருங்கள். பல்ப் லேசாக எரிந்தாலும் மேடை ஆளைக் கூப்பிட்டுச் சரிசெய்யாமல் தொடாதீர்கள்.

நம் ஆலயங்களில் பாதிப் பேர் கிட்டாரை நேராக மிக்சரில் சொருகுகிறார்கள். பிறகு "சிங்கிள் காயில்ல மினுக்கம் இல்லையே" என்கிறார்கள். எப்படி இருக்கும்? மிக்சரின் லைன் இன்புட் பத்தாயிரம் ஓம் அளவில்தான் இருக்கும். பிக்கப்புக்குப் பத்து லட்சம் ஓம் வேண்டும். மேல் ஸ்தாயி முழுக்க அங்கேயே அழுங்கிப் போகிறது. ஒரு ஆக்டிவ் டிஐ பாக்ஸ் (கிட்டாரின் ஒலியை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தருகிற சின்னப் பெட்டி) அல்லது கிட்டார் இன்புட் உள்ள ஒரு சின்ன மல்ட்டி எஃபெக்ட் நடுவில் வைத்தால் அதே கிட்டார் திறந்துகொண்டு ஒலிக்கும். கேபிளும் நீளமாக வேண்டாம். நீளம் கூடக் கூட மினுக்கம் குறையும். புதுப் பிக்கப் வாங்கப் பணம் சேர்க்கிறவர்கள் முதலில் இதைச் செய்யுங்கள்.

கடல் காற்று. தம்பியின் டெலி குளச்சலில் கடலுக்குப் பக்கத்து வீட்டில் இருக்கிறது. பிரிட்ஜில் கம்பி உயரத்தை மாற்றுகிற சின்ன ஸ்க்ரூக்கள் துருப்பிடித்து, ஆலன் கீ திரும்பவே இல்லை. துருநீக்கித் திரவம் ஒரு சொட்டு விட்டு, ஒரு ராத்திரி வைத்துவிட்டுத்தான் அசைக்க முடிந்தது. இது எந்தக் கம்பெனிக் கிட்டாருக்கும் நடக்கும், முட்டத்திலும் மணக்குடியிலும் இருக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாசித்து முடித்ததும் கம்பியையும் பிரிட்ஜையும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைப்பது, ஸ்க்ரூக்களுக்கு மாதம் ஒருமுறை தையல் மெஷின் எண்ணெய் துளி அளவு தொட்டு வைப்பது, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுவது, இவ்வளவு போதும். கோட்டிங் உள்ள கம்பி விலை கூடுதல்தான், ஆனால் கடலோரத்தில் அது நின்று உழைக்கிறது. நமக்கு ஜூனிலும் மழை, அக்டோபர் நவம்பரிலும் மழை. ஈரம் ஏறி இறங்க இறங்கக் கழுத்தும் அசையும். டிரஸ் ராடை (கழுத்துக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்கிற இரும்புக் கம்பி) கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள்.

வாங்குகிற விஷயம். நாகர்கோவில் கடைகளில் அக்கூஸ்டிக் கிடைக்கிற அளவுக்கு எலக்ட்ரிக் வைத்திருப்பதில்லை. நிறைய மாடலைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றால் திருவனந்தபுரம் போவதுதான் வழி, காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் திரும்பிவிடலாம். ஆன்லைனில் வாங்கினால் ஃப்ரெட் முனைகளை முதலில் விரலால் தடவிப் பாருங்கள். இந்த விலையில் எந்த பிராண்டிலும் முனை குத்துகிற கிட்டார் வரலாம். மெல்லிய அரம் போட்டுச் சரிசெய்துவிடலாம், பயப்பட வேண்டாம். கழுத்து முறுக்கியிருந்தால் மட்டும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கொயருக்கு மட்டும் என்றால் அஃபினிட்டி டெலி வாங்கி, மிச்சப் பணத்தில் டிஐ பாக்ஸும் நல்ல கேபிளும் வாங்குங்கள். கீர்த்தனைக்கு இடையிசை தனியாக வாசிக்கிறவர், சினிமாப் பாட்டுக் கச்சேரிக்கும் போகிறவர் என்றால் கிளாசிக் வைப் ஸ்ட்ராட். பிரிட்ஜை ஸ்பிரிங் ஐந்தும் போட்டு இறுக்கிவிட்டால் சுருதித் தொல்லையும் குறையும். சொந்த பேண்ட், சொந்தப் பாட்டு, நடுவில் கீபோர்டு இல்லை என்றால் பி-90. கடையில் எதை எடுத்தாலும் ஆம்ப்பில் சொருகி, நின்ற இடத்தில் ஒரு முழுச் சுற்று மெதுவாகத் திரும்புங்கள். எந்தத் திசையிலும் இரைச்சல் அடங்கவே இல்லை, கம்பியைத் தொட்டாலும் மாற்றம் இல்லை என்றால் பிரிட்ஜுக்குப் போகிற எர்த் வயர் விட்டிருக்கலாம். கடைக்காரரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், அல்லது வேறொன்று எடுங்கள்.